ஆக்கநிலையிறுத்தம் பற்றிய கட்டுரைக்குச் சில திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் கற்றல் கோட்பாடுகளைப் பற்றி வெளிவரும் தொடரில், ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் ஆக்கநிலையிறுத்தம் (ஒரு நிகழ்வை அதை அடுத்து வரும் இன்னொன்றோடு இணைத்துக் கற்பது) குறித்து அண்மையில் வந்த பகுதியைப் படித்தேன். ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்களும் கல்வியியல் கல்லூரி மாணவர்களும் இந்த இணைப்பை வெட்டி எடுத்து வைத்துப் படிக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். உளவியலைத் தமிழில் பொதுவாசகருக்குச் சொல்வது எளிய வேலை அன்று என்பதால் கட்டுரையாளரின் உழைப்பை மதிக்கிறேன். ஆயினும், நெடுங்காலம் கல்வி உளவியல் கற்பித்தவன் என்ற முறையில், அக்கட்டுரை முழுவதையும் தாங்கி நிற்கும் ஒரு கருத்தை மறுக்க வேண்டியிருக்கிறது. எந்த இரண்டு நிகழ்வுகளையும் போதிய தடவை சேர்த்துக் காட்டினால் மனம் அவற்றைப் பிணைத்துக்கொள்ளும் என்றும், திரும்பத் திரும்பச் செய்வதே பாவ்லோவ் கற்பித்த பாடம் என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. பாவ்லோவின் விரிவுரைகளே இதற்கு எதிரான சான்றைத் தருகின்றன. அவருக்குப் பின் வந்த ஆய்வுகள் இக்கருத்துக்கு இடமே வைக்கவில்லை.

முதலில் ஒரு சிறு தகவல் பிழை. பாவ்லோவ் தம்மை உளவியலாளராகக் கருதியவர் அல்லர். அவர் உடலியங்கியல் அறிஞர். 1904-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது செரிமானச் சுரப்பிகளைப் பற்றிய ஆய்வுக்காகவே. கட்டுரையில் உள்ளதுபோல் ஆக்கநிலையிறுத்தத்தைக் கண்டறிந்ததற்காக அன்று. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்தில், நாயின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வரும் நாளத்தின் வாயை ஒரு சிறு அறுவையின் மூலம் கன்னத்தின் வெளிப்புறத்துக்குத் திருப்பிவிட்டு, அங்கே பொருத்திய குழாயின் வழியாக உமிழ்நீரைத் துளித்துளியாக எண்ணினார்கள். உணவு வாயில் பட்டவுடன் உமிழ்நீர் ஊறுவது பிறவியிலேயே அமைந்த செயல். அதற்குக் கற்றல் வேண்டியதில்லை. ஆனால் உணவைத் தொலைவில் கண்டபோதும், உணவு கொண்டுவரும் பணியாளரின் காலடி ஓசை கேட்டபோதும்கூட அந்நாய்களுக்கு உமிழ்நீர் ஊறியது. செரிமானத்தை அளக்க வந்த ஒருவருக்கு இது அளவையைக் கெடுக்கும் தொல்லை. அந்தத் தொல்லையையே அவர் தம் முதன்மை ஆய்வாக மாற்றிக்கொண்டு, 1936-இல் இறக்கும்வரை அதைத் தொடர்ந்தார்.

மணியைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கட்டுரையுடன் வெளியான படத்தில் ஒருவர் கையில் மணியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். பாவ்லோவின் கூடத்தில் பெரும்பாலும் பயன்பட்டவை தாளமானி (சீரான தாளத்தில் தட்டி ஒலிக்கும் கருவி), மின் ஒலிப்பான், விளக்கொளி, கண்முன் சுழலும் பொருள், தோலின்மேல் தொடுதல் போன்றவை. எத்தனை நொடி, எவ்வளவு வலிமை என்று துல்லியமாகக் கட்டுப்படுத்தக்கூடிய தூண்டல்களே அவருக்குத் தேவைப்பட்டன. அவர் மணியைத் தொடவே இல்லை என்று இப்போது சிலர் எழுதுவதும் மிகைதான். மின்மணியும் அங்கே இருந்தது. இது பெரிய பிழை அன்று, மேலே செல்கிறேன்.

அடிப்படை அமைப்பைக் கட்டுரையாளர் சரியாகவே விளக்கியிருக்கிறார். உணவு இயற்கைத் தூண்டல். அதற்கு ஊறும் உமிழ்நீர் இயற்கைத் துலங்கல், அதாவது தூண்டலுக்கு உடல் காட்டும் எதிர்வினை. தாளமானியின் ஒலிக்கு முதலில் உமிழ்நீருடன் எந்தத் தொடர்பும் இல்லை. ஒலியைத் தொடர்ந்து உணவு வரும் அனுபவம் கிடைத்த பிறகு ஒலி மட்டும் கேட்டாலே உமிழ்நீர் ஊறுகிறது. அப்போது ஒலி ஆக்கநிலையுற்ற தூண்டல், ஊறும் உமிழ்நீர் ஆக்கநிலையுற்ற துலங்கல். இவ்வாறு பழக்கப்பட்ட ஒரு நாயிடம் தாளமானியை ஒலிக்கவிட்டபோது ஒன்பது நொடிகளில் உமிழ்நீர் தொடங்கியதையும், நாற்பத்தைந்து நொடிகளில் பதினொரு துளிகள் விழுந்ததையும் பாவ்லோவ் தம் விரிவுரையில் குறிப்பிடுகிறார். இதுவரை கருத்து வேறுபாடு இல்லை. ஒலி எதனால் இந்த ஆற்றலைப் பெற்றது என்ற கேள்வியில்தான் கட்டுரை தடம் மாறுகிறது. பலமுறை சேர்ந்து வந்ததனால் என்று அது விடை சொல்கிறது.

இந்த விடையைச் சோதித்துப் பார்க்க, அதே விரிவுரைத் தொகுப்பில் உள்ள ஒரு பரிசோதனையே போதும். ஒரு நாய்க்கு உணவு கொடுத்து ஐந்து முதல் பத்து நொடிகள் கழிந்த பின்னரே மின் ஒலிப்பானை இயக்கினார்கள். அதாவது உணவு முதலிலும் ஒலி பின்னரும் வந்தன. இவ்வாறு 374 தடவை இணைத்தும் அந்த ஒலிக்கு உமிழ்நீர் ஊறவில்லை. அதே நாய்க்கு, உணவுக்கு முன்பாகக் கண்ணெதிரே ஒரு பொருளைச் சுழற்றிக் காட்டியபோது ஐந்தே இணைப்புகளில் அந்தச் சுழற்சி ஆக்கநிலையுற்ற தூண்டலாக மாறிவிட்டது. ஒலிப்பானையே உணவுக்கு முன் இயக்கியபோது ஒரே ஓர் இணைப்பு போதுமானதாக இருந்தது. திரும்பத் திரும்பச் செய்வதுதான் பாடம் என்றால் 374 தடவை தோற்றதற்கும் ஒரு தடவை வென்றதற்கும் என்ன விளக்கம்? உணவுக்குப் பின் வரும் ஒலி எதையும் முன்னறிவிப்பதில்லை. உணவுக்கு முன் வரும் ஒலி முன்னறிவிக்கிறது. நாய் கற்றுக்கொள்வது அந்த முன்னறிவிப்பைத்தான். கட்டுரையில் இந்தக் கால வரிசையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு வியப்பளித்தது, ஏனெனில் இதுவே இக்கோட்பாட்டின் உயிர்நாடி.

முன்னால் வந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 1968-இல் ராபர்ட் ரெஸ்கோர்லா எலிகளைக் கொண்டு செய்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஓர் ஒலி கேட்கும் நேரத்தில் எலிகளுக்கு இலேசான மின் அதிர்ச்சி வருவதற்கான வாய்ப்பை 40 விழுக்காடாக வைத்தார். எல்லாக் குழுக்களுக்கும் இந்த அளவு ஒன்றே. ஆனால் ஒலி இல்லாத நேரத்திலும் அதிர்ச்சி வரும் வாய்ப்பை அவர் குழுவுக்குக் குழு மாற்றினார். ஒலி இல்லாதபோது அதிர்ச்சியே வராத குழுவின் எலிகள் ஒலியைக் கேட்டதும் அஞ்சி, உணவுக்காக நெம்புகோலை அழுத்துவதைப் பெருமளவு நிறுத்திக்கொண்டன. ஒலி இல்லாதபோதும் அதே 40 விழுக்காடு அதிர்ச்சி வந்த குழுவின் எலிகள் ஒலியைப் பொருட்படுத்தவே இல்லை. ஒலியும் அதிர்ச்சியும் சேர்ந்து வந்த தடவைகள் இரு குழுக்களுக்கும் ஒத்தே இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். எந்நேரமும் குரைத்துக்கொண்டிருக்கும் நாய் குரைக்கிறது என்பதற்காகத் திருடன் வந்துவிட்டான் என்று எந்த வீட்டிலும் விளக்கைப் போடுவதில்லை. எலியின் நிலையும் அதுவே.

இதே காலத்தில் லியோன் காமின் செய்த இன்னோர் ஆய்வு, என் மாணவர்களுக்கு எப்போதும் பிடித்தமானது. சில எலிகளுக்கு ஓர் இரைச்சலை அடுத்து மின் அதிர்ச்சி வரும் என்பதை முதலில் நன்கு பழக்கினார். அதன்பின் இரைச்சலுடன் ஓர் ஒளியையும் சேர்த்து, இரண்டும் ஒருங்கே தோன்றியபின் அதே அதிர்ச்சியைக் கொடுத்தார். ஒளியும் அதிர்ச்சியும் இப்போது பலமுறை சேர்ந்து வந்துவிட்டன; சரியான கால வரிசையிலும் வந்துவிட்டன. ஆயினும் ஒளியை மட்டும் காட்டியபோது எலிகள் அநேகமாக அஞ்சவில்லை. முதற்கட்டப் பழக்கம் இல்லாமல் நேரடியாக இரைச்சலையும் ஒளியையும் சேர்த்துப் பெற்ற எலிகளோ ஒளிக்கு அஞ்சின. அதிர்ச்சி வரப்போகிறது என்பதை இரைச்சலே முழுமையாகச் சொல்லிவிட்டதால், புதிதாக வந்த ஒளியிடமிருந்து கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமில்லை.

இத்தகைய முடிவுகளை ஒன்றிணைத்து ரெஸ்கோர்லாவும் ஆலன் வாக்னரும் 1972-இல் ஒரு கணித மாதிரியை வெளியிட்டார்கள். அதன் சாரம் எளிது. ஒவ்வொரு தடவையும் உயிரி எவ்வளவு கற்கிறது என்பது, நடந்ததற்கும் அது எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. தொடக்கத்தில் எதிர்பார்ப்பே இல்லாததால் கற்றல் விரைவாக ஏறுகிறது. எதிர்பார்ப்பு வளர வளர வியப்பு குறைந்து, கற்றலும் மெதுவாகி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அதன்பின் எத்தனை ஆயிரம் தடவை திரும்பச் செய்தாலும் புதிதாக ஒன்றும் சேர்வதில்லை. கட்டுரையில் கற்றலின் வளர்ச்சியைக் காட்டும் ஏறுமுகக் கோட்டுப் படம் ஏன் மேலே போய்ச் சமமாகிறது என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது.

இரண்டாவதாக, நன்கு படிக்கும் குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதும், வீட்டுப்பாடம் முடித்த மாணவனின் ஏட்டில் நட்சத்திரம் ஒட்டுவதும் பாவ்லோவின் முறைக்கு எடுத்துக்காட்டுகளாகக் காட்டப்பட்டுள்ளன. இவை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் விளக்கிய செயல்படு ஆக்கநிலையிறுத்தத்தை, அதாவது ஒரு செயலின் விளைவைப் பொறுத்து அச்செயல் கூடுவதையோ குறைவதையோ, சேர்ந்தவை. பாவ்லோவின் நாய் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒலிக்குப் பின் உணவு வரும். உமிழ்நீர் ஊறியதற்குப் பரிசாக உணவு தரப்படவில்லை. மிட்டாயோ, குழந்தை படித்தால் மட்டுமே கிடைக்கிறது. தகுதித் தேர்வில் இந்த வேறுபாட்டை ஒட்டியே வினா கேட்கக்கூடும் என்பதால், இதைத் திருத்தி வெளியிடுவது படிப்பவர்களுக்கு நேரடியான உதவியாக இருக்கும்.

தேர்வுக்கு அப்பாலும் இந்த வேறுபாடு முக்கியமானது. வகுப்பறையில் இவ்விரு கற்றல்களும் ஒரே நேரத்தில் நடக்கின்றன, ஆசிரியர் ஒன்றை மட்டுமே கவனிக்கிறார். கணக்கைத் தவறாகப் போட்ட மாணவனை அடிக்கும் ஆசிரியர், தவறு செய்யும் நடத்தையைக் குறைப்பதாக எண்ணிக்கொள்கிறார். அது செயல்படு முறையின் கணக்கு. ஆனால் அடி விழுமுன் அந்த மாணவன் கண்டதும் கேட்டதும் எவை? கணக்குப் புத்தகத்தின் அட்டை, கரும்பலகையில் எழுதப்பட்ட எண்கள், வராந்தாவில் அந்த ஆசிரியரின் செருப்பொலி. இவை ஒவ்வொன்றும் அடியை முன்னறிவிக்கும் அடையாளங்களாக மாறுகின்றன. அவன் தவறு செய்யாத நாளிலும் அவை அவனுடைய நெஞ்சைப் படபடக்க வைக்கும். அந்தப் படபடப்பு அவனது விருப்பத்துக்கு உட்பட்டது அன்று. கணக்கு வகுப்பு என்றாலே வயிறு வலிக்கிறது என்று சொல்லும் குழந்தைகள் எல்லோரும் பொய் சொல்வதில்லை. பாவ்லோவைப் பற்றி ஆசிரியர்களுக்கென எழுதும் ஒரு கட்டுரை, மிட்டாயை விட்டுவிட்டு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கட்டுரையில் வேறுபடுத்தி அறிதல் (ஒன்றையொன்று ஒத்த தூண்டல்களைப் பிரித்தறியக் கற்பது) பற்றிய பகுதி சுருக்கமாக இருந்தாலும் பிழையற்றது. ஆயினும் அதில் விடுபட்டுள்ள ஒரு பரிசோதனையை நினைவூட்ட விரும்புகிறேன். பாவ்லோவின் கூடத்தில் ஒரு நாய்க்கு வட்டத்தைக் காட்டினால் உணவு உண்டு, நீள்வட்டத்தைக் காட்டினால் இல்லை என்று பழக்கினார்கள். நாய் இரண்டையும் எளிதில் பிரித்தறிந்தது. பின்னர் நீள்வட்டத்தைச் சிறிது சிறிதாக வட்டத்தை ஒத்ததாக ஆக்கிக்கொண்டே போனார்கள். அச்சுகளின் விகிதம் 9:8 என்ற அளவை எட்டியபோது நாயால் பிரித்தறிய முடியவில்லை. மூன்று வாரப் பயிற்சிக்குப் பிறகு நிலைமை தேறவில்லை. மாறாக, முன்னர் எளிதாகப் பிரித்தறிந்தவற்றையும் அது குழப்பிக்கொண்டது. அதுவரை அமைதியாக நின்ற நாய் கத்தவும் நெளியவும் கருவிகளைப் பற்களால் கடித்து இழுக்கவும் தொடங்கியது. விடை கண்டுபிடிக்கவே முடியாத வினாவைத் தொடர்ந்து எதிர்கொள்ளும் உயிர் எப்படிக் குலைந்துபோகிறது என்பதற்கு இது பழைய சான்று. மாணவர்களின் தரத்துக்கு எட்டாத வினாத்தாள்களைத் தயாரிப்பதில் பெருமை கொள்வோர் இதைப் படிக்கலாம்.

மூன்றாவதாக, அச்சத்தை ‘அழித்துவிடலாம்’ என்று கட்டுரை உறுதி கூறுகிறது. 1920-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் ‘ஆல்பர்ட்’ என்று அழைக்கப்பட்ட குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டி, குழந்தையின் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பேரொலி எழுப்பி, அச்சத்தை ஊட்டியதைக் கட்டுரையாளர் விரிவாகவே எழுதியிருக்கிறார். அந்த அச்சத்தைப் போக்காமலேயே குழந்தை அங்கிருந்து அனுப்பப்பட்டது என்பதை மட்டும் எழுதவில்லை. ஒரே குழந்தையின் மீது, தளர்வான அளவீடுகளுடன் நடந்த அந்த ஆய்வுக்கு இத்தனை இடம் தந்தது தேவையற்றது என்பது என் கருத்து. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்கு விருப்பமான உணவு கொடுத்துக்கொண்டே, முயலைத் தொலைவில் வைத்து, நாளடைவில் அருகே கொண்டுவந்து அச்சத்தைத் தணித்ததை அவர் சில வரிகளிலாவது சொல்லியிருக்கலாம். இன்றைய அச்ச நீக்கச் சிகிச்சைகளுக்கு வழிகாட்டிய பணி அது.

ஆயினும் தணிப்பது வேறு, அழிப்பது வேறு. ஆக்கநிலையுற்ற ஒலியை உணவின்றித் திரும்பத் திரும்ப ஒலித்தால் உமிழ்நீர் குறைந்துகொண்டே போய் நின்றுவிடும். இதை மறைதல் என்று பாடநூல்கள் கூறும். நாயைச் சிறிது நேரம் ஓய்வாக விட்டுவிட்டு மீண்டும் ஒலித்தால், புதிய பயிற்சி எதுவும் இல்லாமலேயே உமிழ்நீர் ஓரளவு திரும்ப வருகிறது. மறைந்துபோன துலங்கல், எதிர்பாராத ஏதோ ஒரு புதிய ஓசை குறுக்கிட்டாலும் உடனே எழுந்து வருகிறது. முதலில் கற்றது அழிந்திருந்தால் இவை நிகழ முடியாது. அதன்மேல் ஒரு தடுப்பு வளர்ந்திருக்கிறது என்பதே பாவ்லோவ் எடுத்த முடிவு. பிற்காலத்தில் மார்க் பௌட்டன் செய்த ஆய்வுகள் இடத்தின் பங்கையும் காட்டின. ஒரு பெட்டியில் அச்சத்தைக் கற்ற எலிக்கு இன்னொரு பெட்டியில் வைத்து அச்சத்தை மறையச் செய்தால், பழைய பெட்டிக்குத் திரும்பியவுடன் அச்சமும் திரும்புகிறது. அச்சமில்லை என்ற புதிய பாடம், அதைக் கற்ற இடத்தோடு நெருங்கிப் பிணைந்திருக்கிறது.

இதனால்தான் நாய்க்கோ மின்தூக்கிக்கோ அஞ்சும் ஒருவருக்கு மருத்துவரின் அறையில் மட்டும் பயிற்சி தராமல், வீடு, தெரு, அலுவலகம் என்று பல இடங்களிலும் பயிற்சி தருவது பயன் தரும். சில மாதங்கள் கழித்து அச்சம் தலைகாட்டினால், சிகிச்சை பொய்த்துவிட்டது என்று நோயாளி கருதத் தேவையில்லை. அது இக்கற்றலின் இயல்பு, மீண்டும் சில அமர்வுகள் பெரும்பாலும் பலன் தரும். அச்சம் அழிந்துவிடும் என்று நாளிதழில் படித்து நம்பியவர், அது மீண்டும் வரும் முதல் நாளிலேயே சிகிச்சையைக் கைவிடக்கூடும் என்பதே என் கவலை.

கடைசியாக, ‘எந்த இரண்டையும்’ பிணைக்கலாம் என்ற சொல்லைப் பற்றி. 1966-இல் ஜான் கார்சியாவும் ராபர்ட் கோல்லிங்கும் எலிகளுக்கு இனிப்பு கலந்த நீரைக் கொடுத்து, நக்கும்போதெல்லாம் ஓர் ஒளி மின்னவும் ஒலி எழவும் செய்தார்கள். பின்னர் சில எலிகளுக்குக் கதிர்வீச்சினாலோ மருந்தினாலோ குமட்டலை உண்டாக்கினார்கள். வேறு சிலவற்றுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். குமட்டல் கண்ட எலிகள் இனிப்புச் சுவையை வெறுத்தன, ஒளியையும் ஒலியையும் வெறுக்கவில்லை. அதிர்ச்சி பெற்ற எலிகள் ஒளியோடும் ஒலியோடும் வந்த நீரைத் தவிர்த்தன, சுவையைத் தவிர்க்கவில்லை. வயிற்றுக் கோளாற்றை உணவின் சுவையோடும், தோலில் பட்ட வலியைக் கண்டவை கேட்டவற்றோடும் இணைத்துப் பார்க்கும் சாய்வு அந்த உயிரினத்திலேயே இருக்கிறது. சுவை வெறுப்புக்கு ஒரே அனுபவம் போதும். உண்டதற்கும் குமட்டலுக்கும் இடையில் மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும் அது உருவாகும். நொடிக் கணக்கில் இணைப்பு நிகழ வேண்டும் என்று நம்பியிருந்த அக்காலத்து உளவியலாளர் பலர் இதை எளிதில் ஏற்கவில்லை.

இது எலிகளோடு நின்றுவிடும் செய்தி அன்று. புற்றுநோய்க்கு வேதிமருந்து ஏற்றிக்கொள்ளும் நோயாளிகள், அதற்கு முன் உண்ட உணவைப் பின்னர் வெறுக்கத் தொடங்குவதை நம் குடும்பங்கள் பலவும் கண்டிருக்கும். அமெரிக்காவில் ஐலீன் பெர்ன்ஸ்டைன் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு முன் வழக்கத்தில் இல்லாத சுவையுடைய ஓர் ஐஸ்கிரீமை உண்ட குழந்தைகள், அதைப் பின்னர் விரும்பித் தேர்ந்தெடுப்பது மற்றக் குழந்தைகளைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. மருந்தே குமட்டலுக்குக் காரணம் என்று தெரிந்திருந்தாலும் இவ்வெறுப்பு வருகிறது. 1987-இல் அவரும் பிராபெர்க் என்ற ஆய்வாளரும் இதற்கு ஒரு வழியைச் சோதித்தார்கள். உணவுக்கும் மருந்துக்கும் இடையே குழந்தைகளுக்கு அழுத்தமான, புதிய சுவையுள்ள ஒரு மிட்டாயைக் கொடுத்தார்கள்; வெறுப்பு அந்த மிட்டாயின் மேல் விழும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அன்றாட உணவு ஓரளவு தப்பியது.

தொடரின் அடுத்த பகுதியில் மேற்கண்ட திருத்தங்களுக்கு இடம் அளிக்குமாறு வேண்டுகிறேன். அவை எல்லாவற்றுக்கும் இடம் இல்லையென்றால், ஒலியும் உணவும் வரும் வரிசையைப் பற்றியும், மிட்டாய் எடுத்துக்காட்டைப் பற்றியும் மட்டுமாவது வெளியிடலாம். சிகிச்சையும் உணவு வெறுப்பும் பற்றிய செய்தியைத் தங்கள் மருத்துவப் பக்கத்துக்கு அனுப்பி, புற்றுநோய் மருத்துவர் ஒருவரிடமும் உணவியல் வல்லுநர் ஒருவரிடமும் கேட்டுத் தனிக் கட்டுரையாக வெளியிட்டால், மருந்தேற்றும் நாளில் நோயாளிக்கு மிகவும் பிடித்த உணவைச் சமைத்து எடுத்துச் செல்லலாமா என்ற கேள்விக்கு அக்குடும்பங்களுக்கு ஒரு தெளிவு கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்வி உளவியல் விரிவுரையாளர்,
திருநெல்வேலி